எருது விளையாடிப் பட்ட சங்கனும் எங்கள் பள்ளிப் பலகையும்



போன வாரம் அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் நாலைந்து போட்டோ அனுப்பியிருந்தான். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பேஸ்பால் வீரர்களுக்காகக் கட்டிய 'ஹால் ஆஃப் ஃபேம்'. நீள மண்டபம், சுவர் முழுக்க வெண்கலப் பட்டயங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம், கீழே நாலு வரி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தானாம். கூடவே ஒரு கேள்வி: "சார், நம்ம சேலத்துல இப்படி ஒண்ணு ஏன் இல்லீங்க சார்?"

"இருக்குதே சாமி, முன்னூறு நானூறு வருசமா இருக்குது" என்று பதில் போட்டேன். அவன் நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டான். தமாஷ் இல்லை. அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். வழக்கம்போல டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

கருமந்துறை எல்லோருக்கும் தெரியும். கல்வராயன் மலைமேல் அரசுப் பழப்பண்ணை இருக்கிற ஊர். அந்த ஊரில் ஒரு நடுகல் கிடைத்தது. இப்போது சேலம் அரசு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். எழுத்தை வைத்து 16, 17ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். கல்லில் ஒரு காளை, அதோடு மல்லுக்கட்டும் ஒரு ஆள். அதில் வெட்டியிருக்கும் சேதி இவ்வளவுதான்: கருவந்துறையிலே எருது விளையாடிச் செத்துப்போனவன் சங்கன், அவன் மகன் பெரிய பயல் இந்தக் கல்லை நட்டான்.

இதைவிடச் சுருக்கமான விளையாட்டுச் செய்தியை நான் படித்ததில்லை. ஆள் பேர், ஊர் பேர், என்ன விளையாட்டு, என்ன ஆச்சு, யார் கல் வைத்தது, எல்லாம் அதில் இருக்கிறது. "போரில் பட்டான்" என்று எழுதவில்லை, "எருது விளையாடிப் பட்டான்" என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். விளையாட்டை விளையாட்டு என்றே சொல்லி, அதற்காக ஒரு கல் வைத்திருக்கிறார்கள். கல் வைத்தது ராஜாவோ ஜமீனோ இல்லை. பெற்ற மகன். அவன் பெயர் பெரிய பயல். இன்றைக்கு நாம் திட்டுவதற்கு வைத்திருக்கிற வார்த்தையைப் பேராக வைத்திருந்த ஒரு மனுசன், அப்பன் பேர் அழியக்கூடாது என்று கல்தச்சனுக்குக் கூலி கொடுத்திருக்கிறான். கூலியாக என்ன கொடுத்திருப்பான், தானியமா ஆடா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

நடுகல் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. பழைய சேலம் ஜில்லா என்றால் இன்றைய சேலம் மட்டுமில்லை. 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997 ஜனவரி 1இல் நாமக்கல் பிரிந்தது. அந்தப் பழைய ஜில்லாவின் வடக்கிலும், அதை ஒட்டிய செங்கம் பக்கத்திலும் கிடைத்த அளவுக்கு நடுகற்கள் தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் மாடு பிடிச் சண்டையில் மாட்டை மீட்டுச் செத்தவர்கள், புலியோடு சண்டை போட்டவர்கள். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீரில் இட்டுத் தூய்மை செய்து, நட்டு, படையல் போட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் முறையாகச் சொல்கிறது. பத்தாம் வகுப்பில் உங்களை ஒப்பிக்க வைத்தேனே, காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று. ஒப்பித்தவர்கள் எத்தனை பேர், முன்பெஞ்சைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும்.

மனுசருக்கு மட்டும் கல் வைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விசயம். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று. செத்த வீரனோடு சேர்த்து அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று நாயின் பேரையும் எழுதி, அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் சொல்லியிருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே கல். ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்தைய வட்டெழுத்தில், எந்த ஊர், எந்தச் சேரிச் சேவல் என்பதோடு இருக்கிறது. சேலம் பக்கத்து ஆட்களுக்குச் சேவக்கட்டு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தாத்தா சேவலுக்குக் கொடுத்த மரியாதையை ஆத்தாவுக்குக் கொடுத்ததில்லை என்று எங்கள் அம்மா சொல்லும். சொந்தக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

ஆக, ஜெயித்தவனுக்கு மட்டும்தான் கல் என்று நம் ஆட்கள் நினைக்கவில்லை. சங்கன் தோற்றவன்தான். மாடு ஜெயித்துவிட்டது. கல் மட்டும் சங்கனுக்கு.

கூப்பர்ஸ்டவுன் கதையையும் சொல்கிறேன். 1936இல் முதல் ஐந்து பேரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பேப் ரூத் அதில் ஒருவர். கட்டிடம் 1939 ஜூன் 12இல் திறந்தது. ஏன் அந்தச் சின்ன ஊர் என்றால், 1839இல் அப்னர் டபுள்டே என்பவர் அங்கேதான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை. நூறாவது வருசம் என்று கொண்டாடித் திறந்தார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது என்று வரலாற்று ஆசிரியர்கள் பிறகு தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கதை பொய், கட்டிடம் நிஜம். தலபுராணம் இல்லாமல் கோயில் ஏது என்று விட்டுவிடலாம்.

ஆனால் இன்னொன்றை விட முடியாது. கறுப்பின வீரர்களை வெள்ளையர் லீக்கில் சேர்க்காத காலம் ஒன்று இருந்தது. அவர்கள் தனி லீக்கில் ஆடினார்கள். அந்தத் தனி லீக்கின் பெரிய பந்துவீச்சாளர் சாட்சல் பெய்ஜுக்கு 1971இல் இடம் கொடுக்க முடிவானபோது, முதலில் அவர்களுக்கென்று ஒரு தனிப் பகுதி வைப்பதாகத்தான் சொன்னார்கள். சத்தம் போட்டார்கள் ஜனங்கள். அப்புறம்தான் மற்றவர்களோடு ஒரே மண்டபத்தில் பட்டயம் மாட்டினார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நம் ஆட்களும் இப்படிப்பட்ட மண்டபம் ஏறியிருக்கிறார்கள். நியூபோர்ட்டில் இருக்கும் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் 2024 ஜூலையில் சென்னை விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயஸும் சேர்க்கப்பட்டார்கள். ஆசிய ஆண்களில் அவர்கள்தான் முதல். 1973லும் 1981லும் விம்பிள்டன் காலிறுதி வரை போன விஜய்க்கு ஐம்பது வருசம் கழித்துப் பட்டயம்.

சரி, நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு ஒரு மண்டபம் கட்டினால் யார் யாரை வைப்பீர்கள்? நம் மாணவர் குழுவில் கேட்டேன். பத்து நிமிசத்தில் நாற்பது பேர் ஒரே பேரை எழுதினார்கள்: நடராஜன். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் நான் முதலில் மாரியப்பனைத்தான் சொல்வேன்.

ஓமலூர் பக்கம் பெரியவடகம்பட்டி. 1995இல் பிறந்த பையன். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அம்மா சரோஜா செங்கல் சுமந்து, காய்கறி விற்று வளர்த்த பிள்ளை. வைத்தியத்துக்கு மூன்று லட்சம் கடன். இதெல்லாம் பேப்பரில் வந்ததுதான், உங்களுக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியர் ராஜேந்திரன். கால் சரியில்லாத பையனை 'நீ ஓரமா உக்காருடா' என்று சொல்லாமல் உயரம் தாண்டச் சொன்னார். பதினாலு வயதில் கால் நன்றாக இருக்கும் பையன்களோடு போட்டி போட்டு இரண்டாவதாக வந்தான் மாரியப்பன். அப்புறம் பயிற்சியாளர் சத்தியநாராயணா கண்ணில் பட்டு, பெங்களூரு போய், துனிசியாவில் 1.78 மீட்டர் தாண்டி ரியோவுக்குத் தகுதி பெற்றான்.

2016 செப்டம்பர், ரியோ பாராலிம்பிக்ஸ். 1.89 மீட்டர். தங்கம். அதே போட்டியில் வருண் சிங் பாட்டிக்கு வெண்கலம். பாராலிம்பிக்ஸில் இந்தியாவுக்காகத் தங்கம் வாங்கியவர்கள் அதற்கு முன் இரண்டே பேர்: 1972இல் நீச்சலில் முரளிகாந்த் பேட்கர், 2004இல் ஈட்டி எறிதலில் தேவேந்திர ஜஜாரியா. மூன்றாவது ஆள் நம்ம ஓமலூர்ப் பக்கம்.

1.89 மீட்டர் என்றால் எவ்வளவு என்று வகுப்பில் காட்டுவது போலக் காட்டுகிறேன். உங்கள் வீட்டு நிலைப்படியில் ஆறடி இரண்டரை அங்குலத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். அதைத் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே நில்லுங்கள். ஒரே நல்ல காலை ஊன்றி அதற்கு மேலே போனவன் அவன்.

தோக்கியோ 2021இல் நடந்தது. தொடக்க விழாவில் கொடி பிடிக்க வேண்டியவன், விமானத்தில் கொரோனா வந்த ஒருவர் பக்கத்தில் இருந்த காரணத்தால் தனிமையில் அடைந்து கிடந்தான். போட்டி அன்று மழை. குறைபட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து ஒட்டிக்கொண்டது, அதனால்தான் தங்கம் கைவிட்டுப் போனது என்று பிறகு சொன்னான். 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்குகிறது என்று ஒரு உறவினர் சொன்னார். நான் அவரிடம் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவன்தான். இடையில் 2024இல் ஜப்பான் கோபேயில் உலகச் சாம்பியன் பட்டமும் வாங்கினான். எட்டு வருசம் ஒரு உடம்பை அந்த உயரத்திலேயே வைத்திருப்பது லேசா?

நம் குழுவில் ஒருவர் எழுதினார்: "மாரியப்பனுக்கு மாற்றுத்திறனாளிகள் பிரிவுன்னு தனியா ஒரு சுவர் வைக்கலாம் சார்." நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார். மேலே சாட்சல் பெய்ஜ் கதையை எதற்குச் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும். ஒரே சுவர்தான் சாமி.

அடுத்தது சின்னப்பம்பட்டி நடராஜன். தாரமங்கலம், எடப்பாடிப் பக்கம் தறி ஓடாத தெரு கிடையாது. அப்பா தறிக்கூலி, அம்மா ரோட்டோரம் கோழிக்கறிக் கடை. இருபது வயது வரை டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். ஊர் அண்ணன் ஜெயப்பிரகாஷ் கூட்டிக்கொண்டு போய்ச் சென்னையில் நான்காம் டிவிஷனில் சேர்த்துவிட்டார். அவன் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று போட்டுக்கொண்டது அந்த நன்றிக்குத்தான். 2015 ஜனவரியில் முதல் ரஞ்சிப் போட்டி ஆடியதுமே பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார். கையைத் திருத்தி, முதலிலிருந்து கற்றுக்கொண்டு வந்தான். 2017இல் பத்து லட்சம் அடிப்படை விலை போட்ட பையனைப் பஞ்சாப் அணி மூன்று கோடிக்கு எடுத்தது. ஆனால் பெரிதாக ஆட வாய்ப்பு வரவில்லை. அடுத்த வருசம் ஐதராபாத் நாற்பது லட்சத்துக்கு எடுத்து, இரண்டு வருசம் உட்கார வைத்தது. இந்த இரண்டு வருசத்தை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் அவன் வாழ்க்கையில் பெரிய ஆட்டம் என்று தோன்றுகிறது.

2020இல் யார்க்கர் யார்க்கராகப் போட்டான். டிவில்லியர்ஸின் ஸ்டம்ப் பெயர்ந்ததை நீங்களெல்லாம் எனக்கு இருபது முறை அனுப்பினீர்கள். ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பந்துவீச்சாளராகத்தான் போனான். ஒவ்வொருவராகக் காயம் பட, 2020 டிசம்பர் 2இல் ஒருநாள் போட்டி, டிசம்பர் 4இல் இருபது ஓவர், 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமான முதல் இந்தியன். இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரன். முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு மூன்று விக்கெட். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத மைதானத்தில் ஜனவரி 19ஆம் தேதி இந்தியா ஜெயித்தது. அவனுக்கு அது ஒரே டெஸ்ட். அப்புறம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை.

ஊர் திரும்பியபோது சாரட்டு வண்டியில் ஏற்றி, மேளம் அடித்துக் கூட்டிப்போனார்கள். நடுகல்லுக்கு வாழ்த்து என்கிற ஆறாவது படி அதுதான் என்று அன்றைக்கு என் மனைவியிடம் சொன்னேன். "உயிரோட இருக்கற பையனுக்கு நடுகல்லா, வாயக் கழுவுங்க" என்று திட்டு வாங்கினேன். அவன் தனக்கு மண்டபம் கட்டிக்கொள்ளவில்லை. சின்னப்பம்பட்டியில் பிள்ளைகளுக்கு மைதானம் கட்டினான். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். முதல் பணம் வந்த காலத்திலேயே ஊரில் பயிற்சி தொடங்கிவிட்டான், அங்கிருந்து பெரியசாமி என்று இன்னொரு பந்துவீச்சாளர் டி.என்.பி.எல். வரைக்கும் வந்தார்.

நாமக்கல்காரர்கள் கோபிக்கக்கூடாது. உங்களுக்கு ஒரு வழக்கு வைத்திருக்கிறேன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ் பேட்மிண்டனில் வெள்ளி வாங்கிய துளசிமதி முருகேசன் காஞ்சிபுரத்துப் பெண். படித்தது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. இவர் நம் சுவருக்கு உரியவரா, இல்லையா? அமெரிக்க மண்டபங்களிலும் ஒரு வீரர் எந்த அணித் தொப்பியோடு பட்டயத்தில் இருக்க வேண்டும் என்று சண்டை வரும். என் தீர்ப்பு: முட்டையும் லாரியும் மட்டும் நாமக்கல் இல்லை, படிக்க வந்த பிள்ளையும் நாமக்கல்தான். பாதிப் பட்டயமாவது வேண்டும். காஞ்சிபுரத்துக்காரர்கள் வந்தால் பேசிக்கொள்வோம்.

இனிமேல் எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே மரப்பலகை ஒன்று இருந்தது. பச்சைப் பெயிண்ட், வெள்ளை எழுத்து. ஒவ்வொரு வருசமும் விளையாட்டு விழா முடிந்ததும் சாதனைகளைப் பெயரோடு எழுதுவார்கள். நூறு மீட்டர், குண்டு எறிதல், நீளம் தாண்டுதல். ஓவிய ஆசிரியர்தான் எழுதுவார், அழகான எழுத்து. நீளம் தாண்டுதல், மாணவியர் என்ற வரியில் ஒரு பெண்ணின் பேர் இரண்டு வருசம் தொடர்ந்து இருந்தது. 1994. ஒன்பதாம் வகுப்பு. நான் வகுப்பு ஆசிரியர்.

மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். இரண்டு நாள் சேலத்தில் தங்க வேண்டும். காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்பா என்னிடம் வந்து, "அனுப்பலாமுங்களா சார்?" என்று கேட்டார். அவர் அனுப்பத் தயாராகத்தான் வந்திருந்தார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. ஒரு வார்த்தைக்குத்தான் வந்தார். நான், "படிக்கற புள்ள, எதுக்குங்க" என்று சொன்னேன். அவ்வளவுதான். அவள் போகவில்லை. அடுத்த வருசம் போட்டியிலேயே பேர் கொடுக்கவில்லை. என்னிடம் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் பி.டி. பீரியடை வாங்கிப் பாடம் முடித்த வாத்தியார்களில் நானும் ஒருவன். போர்ஷன் முடிந்ததில் பெருமையாகவும் இருந்தது. 2016இல் மாரியப்பன் தங்கம் வாங்கிய அன்று ஊரே பட்டாசு வெடித்தது. எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வந்தது. அடுத்த வாரமே அந்தப் பள்ளிக்குப் போனேன். கட்டிடத்துக்கு வெள்ளையடித்தபோது பலகையைக் கழற்றியிருக்கிறார்கள். பிறகு அதைக் காணோம். மதிய உணவுக்கூடத்தில் விறகாகப் போயிருக்கும் என்றார் பழைய காவலாளி. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அதைப் படி எடுத்து வைக்க வேண்டும் என்று வரலாறு சொல்லிக்கொடுத்த எனக்கே தோன்றவில்லையே.

அந்தப் பெண் இந்தப் பக்கத்தைப் படிப்பாள். இப்போது அவள் பெண்ணே கல்லூரியில் இருக்கிறாள். பேர் எழுத மாட்டேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது இந்த விசயத்தைக் கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாலு மீட்டர் அறுபத்திரெண்டுங்க சார்" என்றாள். முப்பது வருசம் கழித்து சென்டிமீட்டரோடு சொன்னாள்.

அதனால் மண்டபம் கட்ட நிதி திரட்டலாம் என்று குழுவில் பேசும் தம்பிகளுக்கு நான் சொல்வது, மாரியப்பனுக்கும் நடராஜனுக்கும் நம் மண்டபம் அவசரமில்லை. அவர்களை நாடே எழுதி வைத்திருக்கிறது. முதலில் அந்தப் பலகையைத் திரும்ப எழுதுவோம். உங்கள் வீட்டுப் பீரோவில் மஞ்சளாகிப்போன சான்றிதழ்கள் இருக்கும், ஞாபகத்தில் தூரமும் நொடியும் இருக்கும். உங்கள் அம்மாவிடம், அத்தையிடம், சித்தப்பாவிடம் கேளுங்கள். பேர், ஊர், என்ன விளையாட்டு, எந்த வருசம், எவ்வளவு. சங்கன் கல்லில் இருக்கிற அளவுக்கு இருந்தால் போதும். சான்றிதழ் இருந்தால் போட்டோ, இல்லாவிட்டால் கூட ஆடிய ஒருவர் சாட்சி. தோற்றவர்கள் பேரும், போகவிடாமல் தடுக்கப்பட்டவர்கள் பேரும் வேண்டும். நான் ஒரு நீள நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் 4.62 என்று எழுதி, பேர் எழுத இடம் விட்டிருக்கிறேன். அவள் சம்மதம் சொன்னதும் எழுதுவேன்.

அமெரிக்கத் தம்பி பொங்கலுக்கு வருகிறானாம். பிள்ளைகளோடு அவனைச் சேலம் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்ச் சங்கனைக் காட்டப்போகிறேன். வர நினைப்பவர்கள் முன்கூட்டியே போன் பண்ணுங்கள், வேன் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு விடுமுறையாக இருக்கும்.